ஆண்/பெண் என்ற கட்டத்துக்குப் பின்னால்

அறுபது வயதுள்ள இருவரை எடுத்துக்கொள்வோம். ஒருவர் ஆண், மற்றவர் பெண். இருவருக்கும் எடை 60 கிலோ, இரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவு டெசிலிட்டருக்கு 1.2 மில்லிகிராம். சிறுநீரகம் எவ்வளவு வேகமாக வடிகட்டுகிறது என்று கணித்து மருந்தின் அளவை முடிவு செய்ய இன்றும் பயன்படும் காக்கிராஃப்ட்–கால்ட் சூத்திரத்தில் 140-லிருந்து வயதைக் கழித்து, எடையால் பெருக்கி, 72 மடங்கு கிரியாட்டினினால் வகுக்க வேண்டும். ஆணுக்கு நிமிடத்துக்கு 55.6 மில்லிலிட்டர் வருகிறது. பெண் என்றால் அதை 0.85-ஆல் பெருக்க வேண்டும், 47.2 வரும். அதே வேகத்தைக் கணிக்க 2021-இல் வெளியான சி.கே.டி.–எப்பி சூத்திரத்தில் இதே ஆட்களைப் போட்டால் இடைவெளி இன்னும் அகலம்: ஆணுக்கு ஏறத்தாழ 69, பெண்ணுக்கு ஏறத்தாழ 52. அறுபதுக்குக் கீழே மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அது நாள்பட்ட சிறுநீரக நோய். இரத்தத்தில் இருக்கும் அளவு ஒன்றேதான். ஆனால் ஒருவர் நோயாளி ஆகிறார், மற்றவர் ஆகவில்லை.

சிறுநீரகத்துக்கு ஆண், பெண் தெரியாது. கிரியாட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு. தசை அதிகம் உள்ளவருக்கு அது அதிகமாக உற்பத்தியாகும். பெண்ணுக்குச் சராசரியாகத் தசை குறைவு என்பதால், அவர் இரத்தத்திலும் அதே 1.2 இருக்கிறதென்றால் வடிகட்டுவது குறைந்திருக்கிறது என்று சூத்திரம் ஊகிக்கிறது. ஆக, படிவத்தில் நாம் நிரப்பும் ‘ஆண்/பெண்’ கட்டம் இங்கே தசையின் அளவுக்குப் பதிலாக நிற்கிறது. இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 1976-இல் காக்கிராஃப்டும் கால்ட்டும் இந்தச் சூத்திரத்தை உருவாக்கியது 249 பேரை வைத்து, அவர்களில் கிட்டத்தட்ட எல்லோரும் ஆண்கள். 0.85 என்ற எண் பெண்களை அளந்து கிடைத்ததல்ல, தசை குறைவாக இருக்கும் என்ற கணிப்பில் வைத்தது.

சராசரி ஆளுக்கு இந்த ஊகம் பலிக்கும். பல வருடம் எடை தூக்கிப் பயிற்சி செய்த பெண்ணிடமும், படுத்த படுக்கையாகித் தசை கரைந்துபோன ஆணிடமும் அது பிசகும். அந்த ஆணின் கிரியாட்டினின் குறைவாகவே இருக்கும், சிறுநீரகம் நன்றாக இருப்பதாகக் கணக்கு காட்டும், மருந்தின் அளவு கூடிவிடும். இத்தகைய இடங்களில் சிஸ்டாட்டின்–சி என்ற வேறொரு புரதத்தை அளந்து பார்ப்பார்கள். அது தசையை அந்த அளவுக்குச் சார்ந்ததல்ல. டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் சிகிச்சையில் இருக்கும் திருநம்பிகளுக்கும் இதுவே நல்ல வழி.

ஆண்–பெண் உயிரியல் வேறுபாடு பற்றிய சண்டையில் ஒரு தரப்பு “இயற்கையே வேறாகத்தான் படைத்திருக்கிறது” என்கிறது. மறுதரப்பு “எல்லாம் வளர்ப்பு” என்கிறது. இருவருமே அந்தக் கட்டத்தையே காரணமாக நினைத்துக்கொள்கிறார்கள் என்பதுதான் என் குறை. பெரும்பாலான அளவீடுகளில் அந்தக் கட்டம் வேறொன்றுக்குப் பதிலி. தசை, உடல் பருமன், ஒரு ஹார்மோன், இரும்புச்சத்து, பழகிய பழக்கம், ஏன், மருத்துவர் எத்தனை பேருக்கு மருந்து எழுதினார் என்பதுகூட அதன் பின்னால் ஒளிந்திருக்கலாம். எது ஒளிந்திருக்கிறது என்று தேடாமல் வேறுபாடு உண்டா இல்லையா என்று வாதாடுவது வீண்வேலை.

முதலில் அளவைப் பார்ப்போம். இரு குழுக்களின் சராசரிகளுக்கு இடையிலான தூரத்தை, குழுவுக்குள் ஆட்கள் பரவியிருக்கும் திட்டவிலக்கத்தால் வகுத்தால் கிடைப்பது விளைவளவு. ஆய்வுகளில் ‘டி’ என்று குறிப்பார்கள். உயரத்தில் ஆண்–பெண் சராசரி இடைவெளி ஏறத்தாழ 12 சென்டிமீட்டர், திட்டவிலக்கம் 6.5 முதல் 7. டி 1.8 பக்கம் வருகிறது. அப்படியென்றால் கண்ணை மூடிக்கொண்டு ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் பொறுக்கினால் 100-க்கு 90 தடவை ஆண் உயரமாக இருப்பார். டி 0.5 என்றால் இது 64 தடவையாகக் குறையும், இரண்டு பரவல்களும் 80 சதவீதம் ஒன்றன்மேல் ஒன்று படியும். டி 0.2 என்றால் 56 தடவை. நாணயம் சுண்டினாலே 50 கிடைக்கும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இந்த 56-ஐப் படிக்க வேண்டும்.

ஜேனட் ஹைட் என்ற உளவியலாளர் 2005-இல் 46 தொகுப்பாய்வுகளை (பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துக் கணக்கிடுபவை) ஒன்றாக வைத்துப் பார்த்தார். மனம், திறமை, நடத்தை சார்ந்த வேறுபாடுகளில் 78 சதவீதம் சிறியவை அல்லது பூஜ்ஜியத்தை ஒட்டியவை, அதாவது டி 0.35-க்குள். பெரிதாகத் தேறியவை சில: பந்தெறியும் வேகம், உடல்ரீதியான ஆக்ரோஷம், பாலுறவு சார்ந்த சில மனப்பாங்குகள். இந்தப் பட்டியலை ஒரு தரப்பு “பார், வேறுபாடே இல்லை” என்று காட்டுவதும், மறுதரப்பு அந்த மீதி 22 சதவீதத்தை மட்டும் பிடித்துக்கொள்வதும் வழக்கமாகிவிட்டது.

சிறிய வேறுபாடு என்றால் பொருட்படுத்த வேண்டாம் என்றும் ஆகாது. பரவலின் நுனிக்குப் போகும்போது அது பெருகும். டி 0.3 என்று வைத்துக்கொள்வோம். பெண்களின் சராசரிக்கு மேலே இரண்டு திட்டவிலக்கத்தில் கோடு போட்டால், பெண்களில் 2.3 சதவீதமும் ஆண்களில் 4.5 சதவீதமும் தேறுவார்கள், விகிதம் இரண்டுக்கு ஒன்று. மூன்று திட்டவிலக்கத்தில் கோடு போட்டால் 2.6-க்கு ஒன்று. சராசரி சமமாக இருந்தாலும், ஒரு குழு கொஞ்சம் அதிகமாகப் பரவியிருந்தால் இதே விளைவு வரும்: ஆண்களின் திட்டவிலக்கம் 10 சதவீதம் கூடுதல் என்றால், மூன்று திட்டவிலக்கத்துக்கு அப்பால் அவர்கள் 2.4 மடங்கு. ஸ்காட்லாந்தில் 1932-இல் 11 வயதுக் குழந்தைகள் ஏறக்குறைய 87,000 பேருக்கு ஒரே நாளில் அறிவுத்திறன் தேர்வு வைத்தார்கள். சராசரி கிட்டத்தட்ட ஒன்றே. ஆனால் பையன்கள் இரு நுனிகளிலும் அதிகமாக இருந்தார்கள். மேல் நுனியை மட்டும் பேசிவிட்டுக் கீழ் நுனியை மறந்துவிடுகிறவர்களே அதிகம்.

இந்த நுனி விகிதம் கல்லில் வெட்டியதா? அமெரிக்காவில் 13 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் எஸ்.ஏ.டி. என்ற கல்லூரி நுழைவுத் தேர்வின் கணிதப் பகுதியில் 700-க்கு மேல் எடுத்த விகிதம் 1980-களின் தொடக்கத்தில் ஒரு பெண்ணுக்கு 13 பையன்கள் என்று இருந்தது. அந்த எண் உலகம் சுற்றியது. 1990-களின் நடுவில் அது ஒரு பெண்ணுக்கு நான்கு பையன்கள் என்று இறங்கி, பிறகு அங்கேயே நின்றது. பதினைந்து வருடத்தில் மரபணு மாறாது. ஆகவே அந்தப் பழைய 13-க்குள் பெரும்பகுதி வேறு எதற்கோ பதிலாக நின்றிருக்கிறது. எஞ்சிய நான்குக்கு என்ன காரணம் என்ற கேள்வி திறந்தே இருக்கிறது, அதை மூடிவிட யாரும் அவசரப்பட வேண்டியதில்லை.

உடலுக்கு வருவோம். வேறுபாடு ஐயத்துக்கு இடமில்லாமல் தெரிகிற இடம் இது. இதை மழுப்புவது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் வேலை. கருவில் ஆறு வாரம் வரை இனப்பெருக்கச் சுரப்பி இரு பக்கமும் போகக்கூடியதாக இருக்கிறது. ஒய் குரோமோசோமில் உள்ள எஸ்.ஆர்.ஒய். என்ற மரபணு (1990-இல் கண்டுபிடித்தார்கள்) அப்போது இயங்கினால் அது விரையாக மாறத் தொடங்கும், பிறகு டெஸ்டோஸ்டிரோன் சுரக்கும். வளர்ந்த ஆரோக்கியமான ஆணின் இரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் லிட்டருக்கு ஏறத்தாழ 8 முதல் 30 நானோமோல், பெண்ணுக்குப் பெரும்பாலும் 2-க்குக் கீழே. உயரத்தில்கூட பரவல்கள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் படிகின்றன, இங்கே படிவதே இல்லை என்று சொல்லலாம்.

ஓட்டப் பந்தயங்களில் பருவமடைவதற்கு முன் பையன்களுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் இடைவெளி குறைவு, அதன்பின் விரைந்து விரிகிறது. 100 மீட்டர் உலக சாதனை ஆண்களுக்கு 9.58 விநாடி, பெண்களுக்கு 10.49; இடைவெளி 9.5 சதவீதம். நீளம் தாண்டுதலில் 8.95 மீட்டருக்கு எதிரே 7.52, அதாவது 16 சதவீதம். உடல் எடையைத் தூக்கி எறிய வேண்டிய இடத்திலும், மேல் உடம்பு உழைக்கும் இடத்திலும் இடைவெளி கூடுவது தற்செயல் அல்ல. தசையிலும் மேல் உடம்பில்தான் வித்தியாசம் அதிகம்.

ஆனால் குரோமோசோமே கடைசிச் சொல் என்று நினைக்க வேண்டாம். எக்ஸ்–ஒய் குரோமோசோம்கள் இருந்து, விரையும் உருவாகி, டெஸ்டோஸ்டிரோன் சுரந்தும், அதை ஏற்கும் ஏற்பி வேலை செய்யாவிட்டால் உடல் வெளித்தோற்றத்தில் பெண்ணாகவே வளரும். இதற்கு முழுமையான ஆண்ட்ரோஜன் (ஆண் ஹார்மோன்) ஏற்காமை என்று பெயர். ஹார்மோன் சுரந்தால் மட்டும் போதாது, அதைக் கேட்கும் செல்லும் வேண்டும். குரோமோசோம், சுரப்பி, ஹார்மோன், ஏற்பி என்று ஒவ்வொரு படியையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். பெரும்பாலானோருக்கு நான்கும் ஒத்துப்போவதால் ஒரே கட்டம் போதுமானதாகத் தெரிகிறது.

ஹீமோகுளோபின் இன்னொரு நல்ல பாடம். இரத்தசோகைக்கு உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை ஆண்களுக்கு டெசிலிட்டருக்கு 13 கிராம், கர்ப்பமில்லாத பெண்களுக்கு 12. ஆண் ஹார்மோன் சிவப்பணு உற்பத்தியைத் தூண்டுகிறது, இது ஒரு காரணம். மாதவிடாயில் இரும்பு போகிறது, இது இன்னொன்று. முதலாவது மாற்ற வேண்டியதல்ல, இரண்டாவது நிரப்ப வேண்டியது. ‘ஆரோக்கியமான பெண்கள்’ என்று எடுத்து எல்லை வகுத்தபோது அவர்களில் எத்தனை பேருக்கு வெளியே தெரியாத இரும்புக் குறைபாடு இருந்தது என்று கேட்பது நியாயமான கேள்வி. ஆகவே 12.3 என்று வந்த பெண்ணிடம் “நார்மல்” என்று அனுப்பிவிடாமல் உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினையும் பார்ப்பது நல்லது. பற்றாக்குறையைக் கூட இயற்கை என்று பெயரிட்டுவிடும் ஆபத்து இந்தக் கட்டத்துக்கு உண்டு.

மூளையைப் பற்றிய சண்டையில் இரு தரப்பும் ஒரே தரவை வைத்துக்கொண்டு எதிரெதிராகக் கத்துகின்றன. ஆணின் மூளை கனஅளவில் சராசரியாக 10 சதவீதத்துக்குச் சற்று மேல் பெரிது. தலையின் அளவைச் சமன்செய்தால் தனித்தனிப் பகுதிகளின் வேறுபாடுகள் பெரும்பாலும் சுருங்கிவிடும், சில மறைந்துவிடும். 2015-இல் டாஃப்னா ஜோயலும் சகாக்களும் 1,400-க்கு மேற்பட்ட மூளை ஸ்கேன்களைப் பார்த்து, எல்லாப் பகுதிகளும் ஒரே பக்கம் சாய்ந்த மூளை மிக அரிது, பெரும்பாலானவை கலவை என்றார்கள். உடனே வேறு குழுக்கள், ஸ்கேனைக் கொடுத்தால் கணினி 90 சதவீதத்துக்கு மேல் ஆணா பெண்ணா என்று சரியாகச் சொல்கிறதே என்று எதிர்த்தன. இரண்டும் உண்மை. பத்து இருபது சிறிய சாய்வுகளைக் கூட்டினால் ஆணா பெண்ணா என்று ஊகிக்க முடியும். அதைத் திருப்பிப் போட்டு, ஆள் ஆண் என்பதிலிருந்து அவருடைய குறிப்பிட்ட மூளைப்பகுதி எப்படி இருக்கும் என்று சொல்ல முடியாது. அந்தக் கணினியின் வெற்றியிலும் தலையின் அளவுக்குப் பெரும் பங்கு உண்டு. அதைச் சமன்செய்ததும் துல்லியம் நன்றாகவே இறங்குகிறது. மூளைச் செய்தி எதைப் படித்தாலும் நான் முதலில் தேடுவது, தலை அளவைச் சமன்செய்தார்களா, எந்த முறையில் என்பதைத்தான்.

மனதுக்குள் ஓர் உருவத்தைச் சுழற்றிப் பார்க்கும் சோதனையில் ஆண்களின் சராசரி மேல், டி 0.5-ஐ ஒட்டியது. அறிவுத்திறன் சோதனைகளில் உறுதியாகத் திரும்பத் திரும்ப வரும் வேறுபாடு இது. ஆனால் நேரக் கட்டுப்பாட்டைத் தளர்த்தினால் இடைவெளி குறைகிறது. 2007-இல் வந்த ஒரு சிறிய ஆய்வில், 10 மணி நேரம் ஆக்‌ஷன் வீடியோ கேம் ஆடிய பிறகு பெண்கள் ஆண்களைவிட அதிகமாக முன்னேறினார்கள். அப்படியானால் எல்லாம் பழக்கம்தானா? அதற்கும் எதிர்ச்சான்று உண்டு. பிறவியிலேயே அட்ரினல் சுரப்பி மிகைவளர்ச்சி என்ற நிலையில், பெண் சிசு கருவிலேயே அதிக ஆண்ட்ரோஜனுக்கு ஆட்படுகிறது. அந்தப் பெண் குழந்தைகள் பின்னாளில் வழக்கமாகப் பையன்கள் விரும்பும் பொம்மைகளையும் விளையாட்டுகளையும் அதிகம் தேர்ந்தெடுப்பது பல நாடுகளில் பல தடவை உறுதியாகியிருக்கிறது. ஆனால் அவர்களில் மிகப் பெரும்பான்மையினர் தம்மைப் பெண்ணாகவே உணர்கிறார்கள். கருக்கால ஹார்மோன் ஆர்வத்தைச் சாய்க்கிறது, ஆளைத் தீர்மானிப்பதில்லை.

இதெல்லாம் வெறும் பேச்சாக இல்லாமல் ஆளைக் கொல்லும் அளவுக்குப் போகிற இடம் மருந்து. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 1977-இல், கருத்தரிக்கும் வாய்ப்புள்ள பெண்களை ஆரம்பக்கட்டச் சோதனைகளிலிருந்து விலக்கச் சொன்னது. 1993-இல்தான் அது திரும்பப் பெறப்பட்டது. 1997 முதல் 2000 வரை அங்கே விற்பனையிலிருந்து நீக்கப்பட்ட 10 மருந்துகளில் 8 பெண்களுக்குக் கூடுதல் ஆபத்து விளைவித்தவை என்று அந்நாட்டு அரசுத் தணிக்கை அலுவலகம் 2001-இல் அறிக்கை தந்தது. இந்த எட்டை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அதே அறிக்கையில் உள்ள இன்னொன்றை யாரும் சொல்வதில்லை: அவற்றில் நான்கு, பெண்களுக்கு அதிகமாக எழுதிக் கொடுக்கப்பட்ட மருந்துகள் என்பதால் அப்படித் தெரிந்திருக்கலாம். மற்ற நான்கு, இருபாலருக்கும் பரவலாக எழுதிக் கொடுக்கப்பட்டும் பெண்களிடம் அதிகம் தீங்கு செய்தவை; அங்கே உடலே காரணமாக இருக்கலாம். பெண்களின் இதயத் துடிப்புப் பதிவில் க்யூ.டி. இடைவெளி (ஒரு துடிப்பில் இதயக் கீழறைகள் மின்தூண்டல் பெற்று மீளும் நேரம்) இயல்பிலேயே சற்று நீளம், அதை மேலும் நீட்டும் மருந்து அவர்களிடம் ஆபத்தான துடிப்புக் கோளாறை எளிதில் கிளப்பும். இரண்டு நான்குகளுக்கும் மருத்துவம் வேறு. முதலாவதற்கு மருந்து எழுதும் பழக்கத்தைப் பார்க்க வேண்டும், இரண்டாவதற்கு மருந்தை.

தூக்க மாத்திரை சோல்பிடெம் கதை தெரிந்ததே. அமெரிக்காவில் 2013 ஜனவரியில் பெண்களுக்கான தொடக்க அளவை 10 மில்லிகிராமிலிருந்து 5 ஆகக் குறைத்தார்கள். 10 மில்லிகிராம் எடுத்து எட்டு மணி நேரம் கழித்தும், வண்டி ஓட்டுவதைப் பாதிக்கும் அளவு மருந்து பெண்களில் ஏறத்தாழ 15 சதவீதத்தினரின் இரத்தத்தில் இருந்தது, ஆண்களில் 3 சதவீதம். இரத்த அளவு கூடியது உண்மை என்றாலும், அதனால் பெண்களுக்கு விபத்து கூடியதற்குச் சான்று போதவில்லை என்று மருந்தியலாளர்கள் சிலர் பிறகு வாதிட்டார்கள். கவனமாக இருந்தது தவறு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்த 3 சதவீத ஆண்களுக்கு யார் பொறுப்பு?

மாரடைப்பைக் கண்டறியும் ட்ரோபோனின் சோதனையிலும் அளவு பிரிந்திருக்கிறது. பரவலாகப் பயன்படும் ஒரு சோதனையில் எல்லை பெண்களுக்கு லிட்டருக்கு 16 நானோகிராம், ஆண்களுக்கு 34. இருவருக்கும் ஒரே எல்லை வைத்தபோது பல பெண்களின் இதயத் தசைச் சேதம் கண்ணில் படாமல் போனது. ஸ்காட்லாந்தில் தனித்தனி எல்லையை நடைமுறைப்படுத்திப் பார்த்தார்கள், கண்டுபிடிப்பு கூடியது. ஆனால் 2019-இல் வெளியான முடிவுகளின்படி, அப்படிக் கண்டுபிடிக்கப்பட்ட பெண்களுக்குக் கிடைத்த சிகிச்சை ஆண்களுக்குக் கிடைத்ததில் ஏறத்தாழ பாதி, அவர்கள் நலனும் மேம்படவில்லை. சோதனைக்கூடத்தில் உயிரியலைச் சரிசெய்தாயிற்று, வார்டில் பழக்கம் மாறவில்லை. உயிரியல் ஒரு பக்கம், சமூகம் ஒரு பக்கம் என்று பிரித்து நின்று வாதாடுகிறவர்கள் இந்த ஒரு ஆய்வை உட்கார்ந்து படித்தால் போதும்.

கடைசியாக, ஆய்வுகளில் நான் மிக அதிகமாகப் பார்க்கும் பிழை. “இந்தச் சிகிச்சை ஆண்களிடம் பலன் தந்தது, பெண்களிடம் தரவில்லை” என்று தலைப்பு வரும். உள்ளே போனால், ஆண்களில் பலன் 5 புள்ளி, திட்டப்பிழை (அந்தக் கணிப்பு தற்செயலாக எவ்வளவு ஆடக்கூடும் என்பதன் அளவு) 2. ஐந்தை இரண்டால் வகுத்தால் 2.5, தற்செயல் என்று தள்ள முடியாத அளவு. பெண்களில் பலன் 3 புள்ளி, திட்டப்பிழை அதே 2. வகுத்தால் 1.5, இது வழக்கமான 1.96 என்ற கோட்டைத் தாண்டவில்லை. உடனே ‘பலன் இல்லை’ என்று எழுதிவிடுகிறார்கள். கேட்க வேண்டிய கேள்வி 5-க்கும் 3-க்கும் இடையிலான 2 புள்ளி உண்மையானதா என்பது. அந்த 2-க்குத் திட்டப்பிழை, இரண்டின் வர்க்கத்தையும் இரண்டின் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 2.83. வகுத்தால் 0.7. ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறுபாடு உண்டு என்பதற்கு அங்கே சான்றே இல்லை.

ஆட்களைச் சரிபாதியாகப் பிரித்து நடத்தும் ஆய்வில், வேறுபாட்டின் திட்டப்பிழை மொத்தப் பலனின் திட்டப்பிழையைப்போல் இருமடங்கு ஆகிவிடும். ஆகவே மொத்தப் பலனைக் காண 400 பேர் போதும் என்றால், அதே அளவுள்ள ஆண்–பெண் வேறுபாட்டைக் காண 1,600 பேர் வேண்டும். வேறுபாடு அதில் பாதிதான் என்றால் 6,400. அத்தனை பேரைச் சேர்க்கப் பெரும்பாலான ஆய்வுகளிடம் பணம் இல்லை. அதற்காகச் சும்மா இருக்க வேண்டியதில்லை. சிகிச்சை பெற்ற ஆண், பெறாத ஆண், பெற்ற பெண், பெறாத பெண் என்ற நான்கு குழுக்களுக்கும் ஆட்கள் எத்தனை பேர், சராசரி எவ்வளவு, திட்டவிலக்கம் எவ்வளவு என்று, வேறுபாடு தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், அட்டவணையில் போட்டுவிட வேண்டும். பின்னால் வருகிறவர் பத்து ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்குப் போட அந்தப் பன்னிரண்டு எண்கள் போதும். இதைக் கேட்டு வாங்குவது ஆய்வை மதிப்பிடுபவர்களின் கையில்தான் இருக்கிறது.